ஆமைக்குப் பாறணை

என் வீட்டில் இரண்டு பிரிட்ஜ்கள் இருக்கின்றன. ஒன்று சமையலறையில், அதில் என் சாப்பாடு. மற்றது வாசலுக்குப் பக்கத்தில், சப்பாத்துகள் கழற்றி வைக்கும் இடத்தில். அதில் குளிர்காலம் முழுவதும் ஒரு ஆமை படுத்திருக்கும்.

இதை முதல்முறை கேட்பவர்கள் சற்றுப் பின்னால் நகர்ந்து நிற்பார்கள். "கறிக்கோ?" என்று ஆவலோடு கேட்டவர்களும் உண்டு. ஒரு நண்பர் பியர் தேடிப் போய்ப் பிழையான கதவைத் திறந்து, காய்ந்த இலைகளுக்கு நடுவில் கண்மூடிக் கிடந்த தலையைப் பார்த்துவிட்டு, தான் அவசரமாகப் புறநகரில் உள்ள கார்ஜ் லே கொனெஸுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார். அவருடைய வீடு அங்கேதான் இருக்கிறது. ஆனால் அன்று அவர் என்னோடு தங்குவதாகத்தான் பேச்சு.

ஆமை கிரேக்க நாட்டு மலைச்சரிவுகளைச் சேர்ந்த இனம். ஓட்டின் பின்விளிம்பு பாவாடைபோல விரிந்திருக்கும். பெரிய தாச்சிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பருமன். சொந்த மண்ணில் என்றால் குளிர் தொடங்கியதும் குழி தோண்டிப் புகுந்து, வெயில் திரும்பும்வரை உறங்கும். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில், ஐந்தாம் மாடியில், தோண்டுவதற்கு மண் கிடையாது. கட்டடத்துக்கு அடியில் ஒரு நிலவறை உண்டு. ஆனால் எல்லா வீடுகளுக்குமான வெந்நீர்க் குழாய்கள் அதற்குள்ளால்தான் போகின்றன. அந்த இதமான சூட்டில் வைத்தால் ஆமைக்கு உறக்கமும் பிடிக்காது, முழு விழிப்பும் வராது, சாப்பாட்டிலும் மனம் போகாது. தன்னுடைய கொழுப்பையே தின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். மனிதரில் இதை நடுத்தர வயது என்பார்கள்.

அதனால்தான் பிரிட்ஜ். ஐந்து பாகைக் குளிரில் ஆமையின் இதயம் எப்போதாவது ஒருமுறை நினைவு வந்ததுபோல அடித்துக்கொள்ளும். அதுவே அதற்குப் போதும். இடைக்கிடை கதவைத் திறந்து காற்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. இங்கே ஆமை வளர்க்கிறவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். என் கண்டுபிடிப்பு என்று யாரும் பாராட்ட வேண்டாம்.

ஆமை நுழைந்த வீடு என்ன ஆகும் என்பது பற்றி எங்களிடையே ஒரு வசனம் இருக்கிறது. நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் ஏற்கெனவே மனதுக்குள் சொல்லி முடித்திருப்பீர்கள். என் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போனபோது தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஆமையைப் பார்த்தார்கள், பிறகு தலையை ஆட்டினார்கள். ஆமை வந்தபின் ஏழெட்டு வருடங்கள் நாங்கள் மூவரும் நன்றாகத்தான் இருந்தோம் என்று நான் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. பழியில் பாதியை ஆமை சுமந்தால் என் பங்கு குறையும். அதற்காவது ஓடு இருக்கிறது.

ஆமை எங்களிடம் வந்தபோது மகளுக்கு ஏழு வயது. இரண்டாம் மாடியில் தனியாக வாழ்ந்த பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர் தெற்கே முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டி வந்தது. அங்கே மனிதர்களை மட்டும்தான் எடுப்பார்களாம். அவருடைய ஆமை, அதன் பத்திரங்களோடும் தோலுக்குள் வைத்த அடையாள இலக்கச் சிப்போடும் மேலே ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது. மகள் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்தாள். அந்தப் பெயரில் உள்ள ஒலி தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டும். என் தொண்டையிலிருந்து அது இருமலாகத்தான் வந்தது. அதனால் நான் "ஆள்" என்றே சொல்லிவந்தேன். ஆள் எழும்பிவிட்டாரோ? ஆள் சாப்பிட்டாரோ?

பிள்ளையின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்குப் போவது எங்கள் ஆட்களிடம் ஒரு பருவகால இடப்பெயர்வாக இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை கைக்கு வந்ததும் பறவைகள்போல வடமேற்கே கிளம்புவார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகி, அந்தக் கதவு சாத்தப்படப் போகிறது என்று தெரிந்த கடைசி மார்கழியில் என் மனைவியும் கிளம்பினாள். நாங்கள் விவாகரத்துச் செய்யவில்லை. இரண்டு நாடுகளில் வாழ்கிறோம். எங்கள் சனத்தில் இதற்குப் பெயர் பிள்ளையின் படிப்பு. அது மார்கழி என்பதால் ஆள் பிரிட்ஜில் உறக்கத்தில் இருந்தார். விழித்த பிறகு கொண்டுபோகலாம் என்று தீர்மானமானது. பங்குனியில் அவர் விழித்தபோது கதவு சாத்தப்பட்டிருந்தது. இனிக் கடல் கடப்பதென்றால் அவருக்கு இரண்டு நாட்டு அனுமதிகள் வேண்டும், மனிதருக்குக் கேட்பதைவிடக் கடுமையாக. தொலைபேசியில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அது அங்கையே கிடக்கட்டும்" என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் விளக்கம் கேட்கவில்லை.

ஆனால் அந்த முதல் பங்குனியிலிருந்து ஒரு வழக்கம் உருவானது. ஆமையை எழுப்புவதற்கு மகள் வருவாள். காலை ரயிலில் கார் து நோர் நிலையத்தில் வந்து இறங்குவாள். இரண்டு கன்னத்திலும் முத்தம் தருவாள், முழங்கையில் பிடித்துக்கொண்டு நடப்பாள். கடைத்தெருவில் ரோல்ஸ் வாங்குவோம். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றாமலே அந்த பிரிட்ஜைத் திறந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போவாள். பேசினில் இளஞ்சூட்டு நீர். அதற்குள் ஆமையை இறக்கிவிட்டுத் தரையில் முழங்காலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நெடுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு கால் அசையும். பிறகு ஒரு கண். பிறகு ஆள் கழுத்தை நீட்டித் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் குடிக்கத் தொடங்குவார், ஒரு குளிர்காலத்துத் தாகம் முழுவதையும். மகள் என் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். பின்னேர ரயிலில் போய்விடுவாள்.

வருடத்தில் அவளை நான் நேரில் காண்பது அந்த ஒரு நாள்தான். மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு அவளுக்கு ஒரு கடையில் வேலை, கோடைக்குச் சிநேகிதிகள். இப்போது பல்கலைக்கழகம் வேறு. அவள் பார்க்க வருவது ஆமையைத்தான், நான் கதவு திறக்கிறவன். எனக்கு அதில் மனக்குறை இல்லை. கதவு திறக்கிறவனுக்கும் கண் இருக்கிறது. ஆனால் கணக்குத் தெளிவானது: ஆமை எழும்பினால்தான் மகள் வருவாள். எழும்ப வேண்டுமென்றால் அது முதலில் படுக்க வேண்டும்.

இனி அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். வீடு பெரிதாகிப்போன பிறகு, அதாவது ஆட்கள் குறைந்த பிறகு, சின்ன அறையை ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தேன். அறுபது வயதை நெருங்குகிறவர். இரண்டு தெரு தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் வடையும் ரோல்ஸும் பொரிக்கிறார். மனைவி பிள்ளைகள் ஊரில். அவர் போகும்போது நான் இல்லை, நான் வரும்போது அவர் இல்லை. பல வாரங்கள் எங்களுக்கிடையில் இருந்த ஒரே உரையாடல் பால்மாப் பெட்டி மூடியா திறந்தா இருக்கிறது என்பதுதான். நான் ஒரு அலுவலகத்தில் மற்றவர்களுடைய கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மாற்றுகிறேன். அதற்கு வெளியே, தமிழில் நகைச்சுவை எழுதுகிறேன். இந்தத் தகவல் கதைக்கு அவசியம், இல்லாவிட்டால் மறைத்திருப்பேன்.

உறங்கப் போகும் ஆமையின் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். உள்ளே சாப்பாடு இருந்தால் குளிரில் அது செரிக்காது, அழுகும்; ஆமை உறக்கத்திலேயே செத்துப்போகும். அதனால் சில வாரங்களுக்கு முன்பே உணவை நிறுத்தி, தினமும் இளஞ்சூட்டு நீரில் இருத்தி, வயிற்றைச் சுத்தமாக்குவார்கள். சென்ற ஐப்பசியில் நான் இதைத் தொடங்கியபோது அண்ணைக்கு அது முதல் வருடம்.

"தம்பி, ஆளுக்கு இண்டைக்கும் ஒண்டும் வைக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை. இனிப் பங்குனியிலைதான்."

"பங்குனியோ!" அவர் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். "நான் எத்தினை நாட்டு அகதிக் காம்பிலை கிடந்து வந்தனான். அங்கை கூடப் பாண் தந்தவங்கள்."

நான் அவரை இருத்தி முறையாக விளங்கப்படுத்தினேன். குளிர் இரத்தப் பிராணி என்றால் என்ன, செரிமானம் என்ன பாகையில் நின்றுபோகும், கிரேக்கத்தில் மலைகள் எப்படி இருக்கும். நான் நிறைய வாசிக்கிறவன். கேட்க ஒருவர் கிடைத்தால் விடமாட்டேன். அண்ணை பொறுமையாகக் கேட்டார். முடிவில், "அதெல்லாம் சரி தம்பி" என்றார். "ஆனா பசிக்குமெல்லோ?"

அடுத்தடுத்த நாட்களிலும் இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்தது. ஆள் அவரைப் பார்க்கும் பார்வை சரியில்லை என்றார். ஆள் தன் சப்பாத்தைக் கடித்ததாகச் சொன்னார். இந்த நிலையில் கந்தசஷ்டி தொடங்கியது. அண்ணை ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவர். நாள் முழுக்க எண்ணெய்ச்சட்டிக்கு முன்னால் நின்று வடை பொரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாலும் பழமும் சாப்பிடுகிறவர். முதல் நாள் மாலை கோயிலுக்குப் போய்வந்து, ஆமையின் முன்னால் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கேள்வி வரப்போகிறது என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"ஆளும் சஷ்டி பிடிக்கிறார் அண்ணை. உங்களோடை சேர்ந்து."

அண்ணை ஆமையைப் பார்த்தார். ஆமை அண்ணையைப் பார்த்தது. அதன் முகம் எப்போதும் விரதம் இருப்பவருடைய முகம்தான். "முருகா" என்றார் அண்ணை, மெதுவாக. எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை. மறுநாள் நான் வேலையால் வந்தபோது ஆமையின் ஓட்டில் மூன்று குறியாகத் திருநீறு பூசியிருந்தது, நடுவில் ஒரு சந்தனப் பொட்டு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணையும் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் ஒரு பகிடிக்கு மறுபகிடி கிடைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. என் பங்குக்கு ஒரு செவ்வந்திப் பூவை வாங்கிவந்து ஓட்டின்மேல் வைத்தேன். அண்ணை அதைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் ஒரு விளையாட்டை விளையாடுகிறோம் என்ற சந்தோஷத்தில் நான் அந்த வாரம் முழுவதும் அலுவலகத்தில் சற்று நிமிர்ந்தே இருந்தேன்.

சஷ்டி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆறாம் நாள் சூரன்போர். ஏழாம் நாள் காலையில் குளித்து, சமைத்து, இலை போட்டு, வயிறாரச் சாப்பிட்டு விரதத்தை முடிப்பார்கள். அதுதான் பாறணை. பாறணை இல்லாமல் விரதம் பூர்த்தியாகாது. பிடித்த ஆறு நாளும் வீண். இது எனக்கும் தெரியும். ஆனால் பகிடியைச் சொன்னவன் அதன் ஏழாம் நாளைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏழாம் நாள் மாலை கதவைத் திறந்தபோது வீடு முழுவதும் பெருங்காய வாசனை. அண்ணை கடைக்கு லீவு போட்டுவிட்டு, குளித்து, வேட்டியோடு நின்றார். முகத்தில் ஒரு நிறைவு. சமையலறைத் தரையில் ஒரு துண்டு வாழையிலை, துடைத்து எடுத்ததுபோல. அதன் ஓரத்தில் ஆள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மூக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"எங்கடை ஆள் பாறணை முடிச்சிட்டார்" என்றார் அண்ணை.

நான் பையைக் கீழே வைத்தேன். "என்ன குடுத்தனீங்கள்?"

"சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. உறைப்புப் போடேல்லை, அவருக்கெண்டு புறம்பாய் எடுத்து வச்சனான்."

"வேறை?"

"கத்தரிக்காய் தொடேல்லை. வாழைப்பழம் ரெண்டு. பிறகு பாயாசம்."

"பாயாசமோ?"

"முகத்தை உள்ளுக்கை விட்டு இழுத்தவர், தம்பி. நான் இவ்வளவு காலம் சமைக்கிறன், என்ரை சாப்பாட்டை ஒருத்தன் அப்பிடிச் சாப்பிட்டு நான் காணேல்லை."

"அண்ணை, நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்!"

"எதை?"

"சஷ்டியை. ஆமைக்குச் சஷ்டி எண்டு நீங்கள் நம்பினனீங்களோ?"

அவருடைய முகத்தில் இருந்த நிறைவு மெல்ல மெல்ல இறங்கிப் போவதை நான் பார்த்தேன். "நீங்கள் படிச்ச ஆள்" என்றார். "எழுதிற ஆள். மலை, இரத்தம், பாகை எண்டு அவ்வளவும் சொன்னனீங்கள். பிறகு சஷ்டி எண்டு சொன்னனீங்கள். இதிலை எதை நம்பிறது, எதை விடுறது எண்டு எனக்கு ஆர் சொல்லித்தாறது?"

பல வருடங்களாக எழுதுகிறேன். மேடையில் ஏற்றி, நகைச்சுவை எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தி, பேசவைத்து, கைதட்டாமல் இறக்கிவிட்டிருக்கிறார்கள். நான் சொன்ன ஒரு வசனத்தை ஒருவர் முழு மனதோடு ஏற்று, சமைத்து, இலை போட்டுப் பரிமாறியது அன்றுதான்.

அடுத்த நாள் ஆளைச் சந்தைக்குப் போகும் சில்லுப் பையில் வைத்து, கழுத்துவரை துணி சுற்றி, மெத்ரோவில் பொபினிக்குக் கிளம்பினேன். அங்கேதான் ஊர்வனவற்றைப் பார்க்கிற மிருக வைத்தியர் இருக்கிறார். கார் து நோர் மேடையில் தெரிந்தவர் ஒருவர் எதிர்ப்பட்டார்.

"அண்ணை, எங்கை பொபினிக்கோ? பிறிபெக்சருக்கே, விசாக் காட் எடுக்கவோ?"

"இல்லைத் தம்பி. ஆமைக்கு." பையைத் திறந்து காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "ஆமைக்கும் காட் கேக்கிறாங்களோ?"

"அவருக்கு எல்லாம் சரி. நிரந்தரமாய்க் குடுத்திட்டாங்கள்."

"குடுத்து வச்சவர்" என்றார் அவர், உண்மையான பொறாமையோடு.

வைத்தியர் இளம்பெண். ஆமையைத் திருப்பிப் பார்த்து, நிறுத்து, வயிற்றுப் பக்கம் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என்ன சாப்பிட்டது என்று கேட்டார். சொன்னேன். பாயாசம் என்றால் என்ன என்று கேட்டார். பால், சர்க்கரை, சவ்வரிசி, முந்திரிகை என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"முந்திரிகையுமா?"

"இரண்டோ மூன்றோ. அலங்காரத்துக்கு."

அவர் சொன்னது இதுதான். இந்த வயிற்றோடு குளிரில் வைத்தால் ஆமை எழும்பாமலே போகலாம். ஏற்கெனவே பட்டினியால் எடையும் குறைந்திருக்கிறது. மறுபடியும் வாரக்கணக்கில் பட்டினி போட்டு, வயிற்றைச் சுத்தமாக்கி, பிந்திப் படுக்கவைக்கலாம். ஆனால் தான் அதை விரும்பவில்லை. ஒரு குளிர்காலம் உறங்காவிட்டால் ஆமைக்கு ஒன்றும் ஆகாது. விளக்குப் பூட்டி, சூடு கொடுத்து, கோடையைப்போல ஏமாற்றி, பங்குனிவரை விழிப்பில் வைத்திருக்கலாம். அது பாதுகாப்பான வழி.

"பிந்திப் படுக்கவைத்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். ஆனால் ஏன்? இந்த வருடம் உறங்கியே ஆகவேண்டும் என்பதற்கு உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கிறதா?"

அதற்கான பிரெஞ்சு எனக்கு வரவில்லை. தமிழில் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். அதில் இன்னும் மோசமாக இருந்தது. "இல்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். ஆனால் வாசலில் இருந்த பிரிட்ஜை நான் நிறுத்தவில்லை. அது ஐந்து பாகையில் உறுமிக்கொண்டே இருந்தது. உள்ளே பெட்டி, மண், காய்ந்த இலை எல்லாம் தயார். சில நாட்கள் நான் இரண்டு மனதாக இருந்தேன். பிழைக்க வாய்ப்பு இருக்கலாம் என்றுதானே வைத்தியர் சொன்னார். வைத்தியர்கள் எப்போதும் ஒரு படி கூட்டித்தான் பயமுறுத்துவார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே பிரெஞ்சிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கதவைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தேன். அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் நடமாடினார். ஆள் குளிர்ச்சியான ஜன்னல் ஓரத்துக்குத் தானாகவே போய் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டார். அவருக்கும் படுக்கத்தான் விருப்பம் என்று நான் அதற்கு அர்த்தம் கொண்டேன்.

வழக்கம்போல ஒரு மாலை ஆளை இளஞ்சூட்டு நீரில் இறக்கினேன். பேசினின் அடியில் சிறு சிறு மணிகள். கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சவ்வரிசி. பாறணை முடிந்து இவ்வளவு நாளாகியும் கரையாமல், கண்ணாடிபோல, முழுசாக. உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறதோ. அதையும் சுமந்துகொண்டு இந்தப் பிராணி ஒரு இருட்டுப் பெட்டிக்குள் பங்குனிவரை படுத்திருக்க வேண்டும் என்று நான் விரும்பியிருக்கிறேன். எதற்காக? ஒரு நாள், காலை ரயிலுக்கும் பின்னேர ரயிலுக்கும் இடையில், என் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பதற்காக.

போய் பிரிட்ஜின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். உறுமல் நின்றதும்தான் அது இவ்வளவு நாளும் எவ்வளவு சத்தம் போட்டிருக்கிறது என்று தெரிந்தது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் தமிழில் பேசுவேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இப்போது நடுவில் ஆங்கிலமும் புகுந்துகொள்கிறது.

"ஆள் இந்தமுறை படுக்கமாட்டார்."

"ஏன், சுகமில்லையா?"

நடந்ததைச் சொன்னேன். திருநீறு, செவ்வந்திப் பூ, வாழையிலை, மூக்கில் பாயாசம். அவள் சிரிக்கத் தொடங்கினாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். யாரையோ கூப்பிட்டு ஆங்கிலத்தில் அதையே திருப்பிச் சொல்லி மறுபடியும் சிரித்தாள். நான் எழுதியதை அவள் ஒருபோதும் வாசித்ததில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் என் பகிடிக்கு என் மகள் சிரித்ததை நான் கேட்பது ஏறக்குறைய அதுதான் முதல்முறை. நானும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முந்திரிகை ஆறேழு ஆனது.

சிரித்து ஓய்ந்த பிறகு அவள், "அப்படியென்றால் பங்குனியில் எழுப்ப ஒன்றும் இல்லை" என்றாள்.

"இல்லை."

"அப்போது நான் வரத் தேவையில்லை, அப்படித்தானே? அந்த நேரம் எனக்குப் பரீட்சையும் இருக்கிறது."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. கடையில் ஒரு சாமான் முடிந்துவிட்டது என்று தெரிந்தால் நாம் எப்படிச் சொல்வோமோ அப்படி. சும்மா வா என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று எழுத்தும் ஒரு எழுத்தும். ஆனால் சும்மா வருவது என்ற ஒன்று எங்களிடையே இதுவரை இருந்ததில்லை. இல்லாத ஒன்றைத் தொலைபேசியில் எப்படித் தொடங்குவது?

"தேவையில்லை" என்றேன். "பரீட்சையைப் பார்."

குளிர்காலம் வந்தது. வரவேற்பறையின் மூலையில் ஒரு பெரிய பலகைப் பெட்டியும், அதற்கு மேலே சூட்டு விளக்கும் வெயில் விளக்கும் பூட்டினேன். வெளியே காலையும் மாலையும் ஒரே சாம்பல் நிறம். உள்ளே அந்த மூலையில் மட்டும் ஏதன்ஸ் நகரத்து மதியம். வேலையால் வந்ததும் நான் கதிரையை அங்கேதான் இழுத்துப் போட்டேன். ஆள் விளக்கின் கீழே கால்களைப் பரப்பிக்கொண்டு கிடப்பார். நான் பக்கத்தில் புத்தகத்தை விரித்துக்கொண்டு இருப்பேன். இந்தப் பருவத்தில் மண்ணுக்குள் இருக்கவேண்டிய இரண்டு பேர். ஒருவர் மற்றவரை ஏன் இன்னும் படுக்கவில்லை என்று கேட்பதில்லை.

அண்ணை சில வாரங்கள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் கதவைத் தட்டி, ஒரு கட்டு வல்லாரையை நீட்டினார்.

"இதைக் குடுக்கலாமோ எண்டு முதல் அந்த டொக்டர் பிள்ளையிட்டைக் கேளுங்கோ. பிறகு எனக்குச் சொல்லுங்கோ. பகிடி விடாமச் சொல்லுங்கோ."

கேட்டேன். இடைக்கிடை கொடுக்கலாமாம். அவரிடம் அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல், சொன்னேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு கேட்டார், பிறகு, "மெய்தானே?" என்று இன்னொருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். இப்போதும் நான் மழை பெய்கிறது என்று சொன்னால் அவர் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் காணொளியில் அழைக்கத் தொடங்கினாள். ஆள் குளிர்காலத்தில் விழித்திருப்பதை அவள் கண்டதில்லை. "போனை நிலத்தில் வையுங்கள் அப்பா, அவன் சாப்பிடுவதைப் பார்க்கவேண்டும்" என்பாள். நான் போனைப் பெட்டிக்கு முன்னால் ஒரு சப்பாத்தில் சாய்த்து வைத்துவிட்டு விலகிக்கொள்வேன். ஆள் சிக்கோரே இலையை நறுக் நறுக்கென்று கடிப்பார். அவள் அந்தப் பக்கம் ஏதோ படித்துக்கொண்டிருப்பாள். பக்கம் புரட்டும் சத்தம் கேட்கும். எல்லாம் முடிந்ததும் "சரி, முத்தங்கள்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். முத்தங்கள் யாருக்கு என்று சொன்னதில்லை. பிரெஞ்சில் அதைப் பன்மையில்தான் சொல்வார்கள் என்பதால் எனக்கும் ஒன்றிரண்டு இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

பங்குனி வந்தது. வழக்கமாக அவள் வரும் அந்தச் சனிக்கிழமை எனக்குக் கார் து நோர் பக்கம் எந்த அலுவலும் இருக்கவில்லை. இருந்தும் போனேன். லண்டன் ரயில் வந்து நின்றது. பெட்டிகளை இழுத்துக்கொண்டு சனம் இறங்கியது. வரவேற்க வந்தவர்கள் கழுத்துகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன், பழக்க தோஷத்தில். கடைசி ஆள் வெளியே வந்த பிறகும் கொஞ்சம் நின்றுவிட்டு, ரோல்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டு பேருக்கு வாங்கிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஒன்றை அண்ணைக்குக் கொடுத்தேன். "என்ன விசேசம்?" என்று சந்தேகத்தோடு வாங்கினார். தானே காலையில் பொரித்தது என்று கண்டுபிடித்ததும் இன்னும் சந்தேகப்பட்டார்.

மறுநாள் ஞாயிறு. போனைச் சாய்த்து வைத்தேன். ஆள் இலையைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் கதிரையில் இருந்தேன். வழக்கத்தைவிடச் சற்றுக் கிட்ட இருந்துவிட்டேன் போலும்.

"அப்பா" என்றாள் மகள்.

"என்ன, ஆள் மறைக்குதோ?"

"இல்லை. உங்கள் சொக்ஸில் ஓட்டை."

குனிந்து பார்த்தேன். வலது காலின் பெருவிரல் முழுசாக வெளியே நின்றது, திரைக்குள், ஆமையின் தலைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய அதே அளவில்.

"ஓம்" என்றேன். "புதுசு வாங்கவேணும்."

"வாங்குங்கள்" என்றாள். பிறகு பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

நான் வாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே சொக்ஸைத்தான் போட்டுக்கொண்டு, கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்து இருந்தேன். தோய்த்துத்தான் போட்டேன்.